ரோஸ் நிறத் தாள்கள்

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

பதினான்கு மாதம் கழித்து எழுதுகிறேன். போனில் பேசலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். எடுத்தவுடன் நீ என்ன சொல்வாய் என்று தெரியும். அதற்கு நான் என்ன செய்வேன் என்பதும் தெரியும், போன தடவை மாதிரி வைத்துவிடுவேன். அதனால் கடிதம்.

இத்துடன் ஒரு புத்தகம் இருக்கிறது. ‘எட்டாம் நிலையம்’ என்று ஒரு படம் வந்ததே, விண்வெளி நிலையத்தில் எல்லாரும் கிளம்பிப் போன பிறகு, மயங்கிக் கிடக்கும் கேப்டனைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண் இன்ஜினியர் மட்டும் தங்கிவிடுவாளே, அந்தப் படத்தின் நாவல். எழுதியது நான். அட்டை முழுக்க நடிகையின் முகம். என் பெயர் உள்ளே நாலாவது பக்கத்தில் எறும்பு அளவில் இருக்கிறது. நீ மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பதால் கண்டுபிடித்துவிடுவாய்.

இந்த மாதிரி நாவல் எழுதுகிறவன் படத்தைப் பார்ப்பதே இல்லை, தெரியுமா? படமும் புத்தகமும் ஒரே நாளில் வெளிவர வேண்டும். அதனால் படப்பிடிப்பு நடக்கும்போதே திரைக்கதைத் தாள்களை வைத்துக்கொண்டு எழுத வேண்டியதுதான். முதலில் வெள்ளைத் தாளில் வரும். அதில் மாற்றினால் நீலத் தாள். மறுபடியும் மாற்றினால் ரோஸ் தாள்.

வாசகர்கள் எழுதியதில் சிலவற்றைப் பார்த்து எழுதி அனுப்பியிருக்கிறேன். ஒருத்தர், “படத்துல அந்தப் பொண்ணு மொத்தமே பதினோரு வரிதான் பேசுது, புத்தகத்துலதான் உயிரோட இருக்கு” என்கிறார். எனக்கு அன்றைக்குச் சோறே இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம். அடுத்தவர், “ஒரு சிலிண்டரைப் புரட்ட நாப்பது பக்கமா? ராக்கெட் எங்கய்யா?” என்கிறார். இன்னொரு அம்மா, “மூணு பக்கத்துக்கு ஒருதரம் விசில் அடிக்குது, எங்க வீட்டு குக்கரே பரவாயில்ல” என்று எழுதியிருக்கிறார். பாதிப் பேர் தலையில் தூக்கிவைத்து ஆடுகிறார்கள், பாதிப் பேர் காறித் துப்புகிறார்கள்.

எல்லாரும் சேர்ந்து திட்டுவது முடிவைத்தான். படத்தில் அவள் தப்பித்து வந்துவிடுகிறாள். புத்தகத்தில் அங்கேயே இருந்துவிடுகிறாள். மாற்றிய முடிவு ரோஸ் தாளில் வந்ததாம். ஒப்பந்தத்தில் நம் வீட்டு முகவரியைக் கொடுத்திருந்தேன், அங்கே அனுப்பினார்களாம். மழைக் காலத்தில் ஒரு பழுப்பு உறையை நீ எனக்குத் திருப்பி அனுப்பினாய், ஞாபகம் இருக்கலாம். அது கைக்கு வருவதற்குள் புத்தகம் அச்சுக்குப் போய்விட்டது. பதிப்பக எடிட்டர் நம்ப மாட்டேன் என்கிறார். வீட்டுக்குப் போன் செய்தாலும் செய்வார். அப்படி ஒன்றும் வரவில்லை என்று சொல்லிவிடேன். உள்ளே என்ன இருந்தது என்று உனக்குத் தெரியாது, ஆகவே பெரிய பொய்யும் இல்லை. தெரிந்தே முடிவை மாற்றினேன் என்று ஆகிவிட்டால் அடுத்த இரண்டு பாகங்களும் என் கையைவிட்டுப் போய்விடும்.

அப்பா எப்படி இருக்கிறார்?

தம்பி

மார்ச் 11

தம்பிக்கு,

அப்பாவைக் கடைசி வரியில் கேட்டாயே, அதுவே பெரிய விஷயம். அப்படியேதான் இருக்கிறார்.

கடிதம் எழுதியது நல்லதுதான். போனில் நான் கத்தினால் அடுத்த அறையில் அவருக்குக் கேட்கும். ஒரு பக்கம் கைகால் விழுந்து, பேச்சும் போய்விட்டது, ஆனால் காது பாம்புச் செவி. மூன்று வருடமாக இந்த வீட்டில் என் குரலை உயர்த்தியதே இல்லை.

புத்தகத்தைக் கடையில் வைத்துத்தான் படித்தேன். மாடி வீட்டம்மா தினமும் மதியம் மூன்று மணி நேரம் அப்பாவோடு உட்காருகிறார். அந்த நேரத்தில்தான் நான் போய் லென்ஸ் ஓரம் தேய்க்கிறேன். பன்னிரண்டாம் பக்கத்திலேயே உன்னைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன்.

அந்த இன்ஜினியர் குளிக்கும்போது நடுநடுவே குழாயை மூடிவிட்டுக் காது கொடுத்துக் கேட்கிறாள். அது நான். போனில் உன்னிடம் சொன்னது. நின்றுகொண்டே சாப்பிடுகிறாளே, அதுவும் நான். அப்பா விளையாட்டு வாத்தியாராக இருந்தபோது ஊதிய விசிலை இப்போது வலது கையில் வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிடுகிறார் என்று சொன்னேன். மூன்று தடவை சுருக்கமாக, ஒரு தடவை நீளமாக. உன் நிலையத்தில் அபாய விசில் அப்படியே அடிக்கிறது. கேப்டனுக்குக் காற்று கொடுக்கும் சிலிண்டரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டாவிட்டால் அடிப்பக்கம் அரித்துவிடும் என்று எழுதியிருக்கிறாய். சிலிண்டர் அரிக்குமா என்பது எனக்குத் தெரியாது. அப்பாவைப் புரட்டாவிட்டால் முதுகில் புண் வைத்துவிடும்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், முதலில் பெருமையாகத்தான் இருந்தது. நான் படுகிறதை ஒருத்தன் கவனித்திருக்கிறானே என்று. அப்புறம்தான் வயிறு எரிந்தது. இவ்வளவு தெரிந்தவன் ஒருநாள் வந்து எட்டிப்பார்க்கவில்லையே. ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டு, “ஒரு மாசம் பாத்துக்கோக்கா, வந்துடறேன்” என்றாய். அந்த ஒரு மாதம் இன்னும் முடியவில்லை.

‘ராக்கெட் எங்கய்யா’ என்று கேட்டாரே ஒருத்தர், நான் அவர் கட்சி. நானும் அதைத்தான் மூன்று வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

இப்போது என் விஷயம். துறைமுக ஊரில் உள்ள லென்ஸ் தொழிற்சாலையில் எனக்குப் பயிற்சிக்கு இடம் கிடைத்திருக்கிறது. கடை முதலாளியே எழுதிப் போட்டு வாங்கிக் கொடுத்தார். பத்து மாதம், தங்குமிடம் அவர்களுடையது. மே 2 அன்று சேர வேண்டும். இந்த வருடத்தோடு எனக்கு வயது வரம்பு முடிகிறது. நாற்பத்திரண்டு வயதில் இனி யாரும் எனக்கு எதையும் கற்றுத்தரக் கூப்பிடப் போவதில்லை. நீ வந்து பத்து மாதம் அப்பாவைப் பார்த்துக்கொள். எழுதுகிறவனுக்கு எந்த ஊராக இருந்தால் என்ன?

உறையைப் பற்றிப் பிறகு பேசலாம்.

அக்கா

மார்ச் 20

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை நாலு தடவை படித்துவிட்டேன். நீ நினைப்பது மாதிரி அது நீ இல்லை. எழுதும்போது அங்கே இங்கே கேட்டதெல்லாம் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். அந்தப் பெண்ணுக்குத் திரைக்கதையில் பதினோரு வரிதான், மீதி இருநூற்று நாற்பது பக்கத்தை நான் எதை வைத்து நிரப்புவேன்?

பயிற்சிக்கு இடம் கிடைத்ததில் எனக்கு ரொம்ப சந்தோஷம். சத்தியமாக. ஆனால் மே மாதம் என்பதுதான் இடிக்கிறது. இரண்டாம் பாகத்தின் வெள்ளைத் தாள்கள் வந்துவிட்டன. பதிப்பகத்தின் கிடங்குக்கு மேலே எனக்கு ஒரு அறை கொடுத்திருக்கிறார்கள், சுவரெல்லாம் விற்காத புத்தகக் கட்டு, ஒரு ஜன்னல், அதையும் கட்டுகள் மறைக்கின்றன. காலையில் எடிட்டர் வந்து எத்தனை பக்கம் என்று கேட்பார், சாயங்காலமும் வந்து கேட்பார். இங்கிருந்து எழுந்தால் இந்த நாற்காலியில் வேறொருத்தன் உட்கார்ந்துவிடுவான். நானும் மாட்டிக்கொண்டுதான் இருக்கிறேன் அக்கா.

முழுநேரம் ஒரு நர்ஸம்மாவை வைத்துப் பார்த்தால் என்ன? மாடி வீட்டம்மாவிடம் கேட்டாயா?

வாசகர்கள் இன்னும் எழுதுகிறார்கள். இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தை ஒருத்தர் கையால் நகல் எடுத்து அனுப்பியிருக்கிறார். “அன்பினால்தான் அவள் அங்கே இருந்தாள், வேறு எதுவும் அவளை அங்கே கட்டிப்போடவில்லை” என்ற பத்தி. படித்து அழுதாராம். அதே பக்கத்தைச் சொல்லி ஒரு கல்லூரிப் பெண், “எழுதினவருக்குத் துணி துவைச்சுப் பழக்கம் இருக்கா?” என்று கேட்டிருக்கிறாள். என்ன அர்த்தத்தில் கேட்டாள் என்று தெரியவில்லை.

எடிட்டர் போன் செய்தாரா? உறை விஷயத்தை மறந்துவிடாதே.

தம்பி

மார்ச் 28

தம்பிக்கு,

அந்தக் கல்லூரிப் பெண் என்ன அர்த்தத்தில் கேட்டாள் என்று எனக்குத் தெரியும்.

புத்தகத்தை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். பிள்ளை எழுதியது, கேட்கட்டும் என்று. விசில் வரும் இடங்களைத் தாண்டித் தாண்டித்தான் படித்தேன். ஒரு இடத்தில் அசந்துவிட்டேன், வாய்க்கு வந்துவிட்டது. அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் காலை முழுக்க விசில் சத்தமே இல்லை. பத்து மணிக்குப் போய்ப் பார்த்தால் படுக்கையெல்லாம் நனைந்திருக்கிறது. விசிலைத் தலையணைக்கு அடியில் ஒளித்து வைத்திருக்கிறார். என்னைத் தொந்தரவு செய்யக்கூடாதாம். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு நீ எதிரில் இருந்திருந்தால் அறைந்திருப்பேன். நான் அவரிடம் ஒருநாளும் சொல்லாததை நீ அச்சடித்து அனுப்பிவிட்டாய்.

எடிட்டர் போன் செய்தார். மரியாதையான மனிதர். ரோஸ் தாள் வந்ததா என்று கேட்டார். வந்தது, நான்தான் உனக்கு அனுப்ப மறந்து பீரோ மேலே போட்டுவிட்டேன் என்று சொன்னேன். “பரவாயில்லம்மா, வீட்ல நோயாளி இருந்தா இப்படித்தான்” என்றார். பழி என் மேலே விழுந்தது, நீ தப்பித்தாய். இனி நிம்மதியாகத் தூங்கு.

ஆனால் ஒன்று சொல்கிறேன். அந்த உறை மழையில் நனைந்து ஓரம் கிழிந்து வந்தது. ஈரம் காயட்டும் என்று தாள்களை எடுத்து அப்பாவின் கட்டில் கம்பியில் வரிசையாகப் போட்டேன். ஏழு தாள். காய்கிற வரைக்கும் படித்தேன். ஒரு சின்னக் கப்பல் வருகிறது. அதிலிருந்து ஒரு டெக்னீஷியன் இறங்குகிறான். “நான் பாத்துக்கறேன்” என்று ஒரே ஒரு வரி பேசுகிறான். அவன் இறங்கிய இடத்தில் அவள் ஏறிப் போய்விடுகிறாள்.

அக்டோபர் 9 அன்று உனக்குத் தபாலில் சேர்த்தேன். ரசீது இருக்கிறது. உன் புத்தகத்தின் பின்பக்கத்தில் அச்சான தேதி டிசம்பர் என்று போட்டிருக்கிறது. இரண்டு மாதம் உன் மேசை மேலே கிடந்திருக்கிறது, குண்டூசி. சின்ன வயதிலும் குத்திவிட்டுக் கீழே விழுந்து ஒளிந்துகொள்வாய், அதனால்தான் அந்தப் பட்டப்பெயர் வைத்தோம்.

படம் எடுத்தவர்கள் முன்பின் தெரியாதவர்கள். அவர்களே அவளை வெளியே விட்டுவிட்டார்கள். நீ ஏன் விடவில்லை? எனக்கு இது மட்டும் தெரிந்தாக வேண்டும். உண்மையைச் சொல்லவில்லை என்றால் எடிட்டருக்கு ரசீதை அனுப்புவேன். பயமுறுத்துகிறேன் என்று நினைத்தாலும் சரி.

அக்கா

ஏப்ரல் 3

அக்கா,

ரசீதை அனுப்பினாலும் சரி, அனுப்பாவிட்டாலும் சரி, சொல்லிவிடுகிறேன்.

ரோஸ் தாள் வந்த அன்றே எழுத உட்கார்ந்தேன். கப்பல் வருவது வரைக்கும் நன்றாக வந்தது. அவள் பையை எடுத்துக்கொள்வதைக்கூட எழுதிவிட்டேன். அந்த டெக்னீஷியனை மட்டும் இறக்க முடியவில்லை. பதினைந்து நாள் அவனைப் படியிலேயே நிறுத்தி வைத்திருந்தேன். அவன் எங்கிருந்து வருகிறான், ஏன் இவ்வளவு தாமதம், உள்ளே வந்ததும் முதலில் எதைத் தொடுவான், ஒன்றும் எழுத வரவில்லை. அவள் வெளியே போனால் உள்ளே போக வேண்டியவன் யார் என்று எனக்குத் தெரியுமே. அவனை எழுதிவிட்டால் மறுநாளே நான் பெட்டி கட்ட வேண்டியிருக்கும். அதனால் தாள்களை மேசை இழுப்பறைக்குள் தள்ளிவிட்டு, வெள்ளைத் தாளில் இருந்த பழைய முடிவையே எழுதிக் கொடுத்தேன். அவள் அன்பினால் இருந்தாள் என்று ஒரு பத்தி சேர்த்தேன். அதைப் படித்துத்தான் அழுகிறார்கள்.

எனக்கு அப்பாவைத் தூக்கப் பயமாக இருக்கிறது. நாற்றத்துக்குப் பயமாக இருக்கிறது. அவர் என்னைப் பார்க்கும் பார்வைக்குப் பயமாக இருக்கிறது. முப்பத்தெட்டு வயதில் இப்படிச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

இரண்டாம் பதிப்புக்கு முடிவை மாற்றிக் கொடு என்று எடிட்டர் கேட்கிறார். அதை எங்கே உட்கார்ந்து வேண்டுமானாலும் எழுதலாம் என்கிறார்.

தம்பி

ஏப்ரல் 8

தம்பிக்கு,

ரசீதைக் கிழித்துப் போட்டுவிட்டேன். உன்னைப் பயமில்லாமல் வா என்று நான் எப்போது சொன்னேன்? நான் மட்டும் என்ன, பயமில்லாமலா முதல் நாள் அவரைக் குளிப்பாட்டினேன்?

ஏப்ரல் 26 வா. ஐந்து நாள் கூட இருந்து எல்லாம் காட்டித் தருகிறேன். ஒன்றாம் தேதி மதிய வண்டியில் எனக்கு டிக்கெட் எடுத்தாயிற்று.

அக்கா

பிப்ரவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

அப்பா நன்றாக இருக்கிறார். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். முதுகில் புண் இல்லை. என்னைக் கூப்பிட விசிலை ஒரே ஒரு தடவைதான் ஊதுகிறார். உனக்கு நாலு, எனக்கு ஒன்று. நம்பிக்கையா அவநம்பிக்கையா, புரியவில்லை.

இரண்டாம் பதிப்புக்கு வந்த கடிதங்களை எடிட்டர் இங்கே அனுப்பிவிட்டார். புது முடிவை அப்பாவின் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்துதான் எழுதினேன், அதனாலோ என்னவோ மறுபடியும் இரண்டு கட்சி ஆகிவிட்டது. போன தடவை திட்டியவர்கள், “இப்பதான் படம் மாதிரி இருக்கு” என்கிறார்கள். போன தடவை பாராட்டியவர்கள், “அவளைக் காப்பாத்தி கதையைக் கெடுத்துட்டீங்க” என்கிறார்கள். ஒருத்தர் மட்டும் வேறு மாதிரி கேட்டிருக்கிறார். “கடைசியில ஒருத்தன் வந்து நான் பாத்துக்கறேன்னு சொல்றானே, அப்புறம் அவன் என்ன ஆனான்? அவனைப் பத்தி யாருக்கும் கவலை இல்லையா?” இந்தக் கடிதத்தை மடித்து சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிகிறேன்.

இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தை நான் எடுத்துவிட்டேன், கவனித்தாயா? அது பொய் அக்கா. அன்பு இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. போன வாரம் அவருக்கு நகம் வெட்டும்போது கையை இழுக்காமல் கொடுத்தார், எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் காலையில் நாலு தடவை அவரைப் புரட்டி, துணி அலசிப் போட்டு, வாசல் வரைக்கும் போய்விட்டு உடனே திரும்பி வருகிறவன் அன்பினால் திரும்பி வருவதில்லை. கொடுத்துவிட்டுப் போக ஆள் இல்லை, அதனால் வருகிறான். மூன்று வருடம் உனக்கு இப்படித்தான் இருந்திருக்கும். அதை நான் அன்பு என்று எழுதி நாலு பேரிடம் பாராட்டு வாங்கிவிட்டேன். மன்னித்துக்கொள்.

இரண்டாம் பாகத்தை வேறொருத்தர் எழுதுகிறார். பரவாயில்லை. என் அறையைவிட இங்கே வெளிச்சம் அதிகம். ஆனால் வாசல் கதவு வரை போனால் காது பின்னாலேயே இருக்கிறது. குளிக்கும்போது குழாயை மூடி மூடிக் கேட்கிறேன்.

பத்து மாதம் இந்த மாதக் கடைசியில் முடிகிறது. நீ எப்போது வருகிறாய் என்று கேட்கவே கூடாது என்று முடிவு செய்துதான் இந்தக் கடிதத்தை ஆரம்பித்தேன்.

எப்போது வருகிறாய்?

தம்பி

பிப்ரவரி 17

தம்பிக்கு,

உன் கடிதம் வந்து நாலு நாளாகிறது. தலையணை மேலே வைத்துக்கொண்டு பதில் எழுதாமல் இருந்தேன். பயந்தாங்கொள்ளித்தனம் உனக்கு மட்டும் சொந்தமில்லை.

இங்கே என் அறைத்தோழி உன் இரண்டாம் பதிப்பை வாங்கி வந்தாள். நீ என் தம்பி என்று அவளுக்குத் தெரியாது. சாப்பாட்டு மேசையில் எட்டுப் பேர் சேர்ந்து அந்த இன்ஜினியரைப் போட்டுக் கிழித்தார்கள். போனது சரி என்று நாலு பேர், தப்பு என்று மூன்று பேர். “கேப்டனை விட்டுட்டுப் போக அவளுக்கு எப்படித்தான் மனசு வந்துச்சோ” என்றாள் ஒருத்தி. எட்டாவது ஆள் நான். தட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

மனசு வந்ததா என்று யாரும் கேட்க வேண்டாம். கப்பல் வந்தது, ஏறினாள், அவ்வளவுதான். ஏறின பிறகு முதல் மாதம் முழுக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை விழித்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது மாதம் நின்றுவிட்டது. ஒருநாள் அப்பாவை நினைக்காமலேயே சாயங்காலம் ஆகிவிட்டது. அன்றைக்குத்தான் அழுதேன்.

நீ எழுதியதெல்லாம் சரி. மன்னிப்பெல்லாம் வேண்டாம், நீ வந்தாய், போதும். வந்துவிட்டாய் என்பதாலேயே இதை எழுத எனக்குக் கை வரவில்லை.

பயிற்சி முடிந்த முப்பது பேரில் ஆறு பேரை இங்கேயே வைத்துக்கொள்கிறார்கள். லென்ஸ் சோதிக்கும் பிரிவில் எனக்கு ஒரு மேசை, பெரிய ஜன்னல், என் பெயர் போட்ட அட்டை. வயதானவரைக் கூட்டிவர இங்கே இடம் கிடையாது, நான் கேட்டுப் பார்த்துவிட்டேன். வருடத்துக்குப் பதினைந்து நாள் லீவு. அந்தப் பதினைந்து நாளும் வந்து நான் பார்த்துக்கொள்கிறேன், நீ எங்கே வேண்டுமானாலும் போ. நேற்று மதியம் கூப்பிட்டுத் தாளை நீட்டினார்கள். ஒருநாள் யோசிக்கலாம் என்றார்கள். நான் யோசிக்கவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

அப்பாவிடம் நீதான் சொல்ல வேண்டும்.

அக்கா